கூலி உயர்வின் பாரம் யார் தோளில்? தென்கொரியச் சிறுகடைகளின் அனுபவம்

2017 ஜூலையில் தென்கொரியாவின் குறைந்தபட்சக் கூலி ஆணையம் ஒரு முடிவெடுத்தது. மணிக்கு 6,470 வோனாக இருந்த கூலி அடுத்த ஜனவரி முதல் 7,530 வோன். ஒரே தாவலில் 16.4 சதவீதம். அதற்கடுத்த ஆண்டு இன்னொரு 10.9 சதவீதம் ஏறி 8,350 வோன் ஆயிற்று. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 29 சதவீத உயர்வு. 2017 மே மாதம் அதிபரான மூன் ஜே-இன், 2020க்குள் மணிக்கு 10,000 வோன் என்று தேர்தலில் வாக்குறுதி அளித்திருந்தார். உழைப்பவர் கையில் பணம் சேர்ந்தால் சந்தையில் வாங்கும் சக்தி கூடும், அதிலிருந்து பொருளாதாரம் வளரும் என்பது அவருடைய அரசின் கணக்கு.

இவ்வளவு வேகமாகக் கூலியை உயர்த்திய வளர்ந்த நாடுகள் அதிகம் இல்லை. அதிலும் கொரியாவுக்குத் தனியான ஒரு நிலைமை உண்டு. அப்போது அங்கே வேலை பார்த்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் சொந்தத் தொழில் செய்பவர் அல்லது அந்தத் தொழிலில் சம்பளமின்றிக் கைகொடுக்கும் குடும்பத்தினர். பணக்கார நாடுகளின் சராசரியைவிட இது மிக அதிகம். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் சிறுதொழில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை தேட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

பொருளியலில் இந்த விவாதம் பழையது. கூலியை ஏற்றினால் வேலை குறையும் என்று பாடப்புத்தகம் சொல்லும். டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அந்த நம்பிக்கையை அசைத்தார்கள். 1992 ஏப்ரலில் நியூஜெர்சி மாநிலம் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரு பக்கத்திலும் 410 துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், நியூஜெர்சியில் வேலை குறைந்ததற்கான தடயம் இல்லை என்று கண்டார்கள். டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து அதை மறுத்தார்கள். விவாதம் இன்றும் தீரவில்லை என்றாலும், மிதமான உயர்வு வேலைகளைப் பெரிதாக அழிப்பதில்லை என்ற பக்கம் நோக்கியே பெரும்பாலான ஆய்வுகள் நகர்ந்திருக்கின்றன. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால் அந்த ஆய்வு எதை எண்ணியது என்று கவனிக்க வேண்டும். பர்கர் கிங், கேஎஃப்சி, வெண்டிஸ், ராய் ரோஜர்ஸ் போன்ற பெரிய சங்கிலிப் பெயர்களில் இயங்கிய கடைகளில் எத்தனை பேருக்கு வேலை இருந்தது என்பதையும், அங்கே என்ன விலைக்கு விற்றார்கள் என்பதையும் எண்ணியது. கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் உரிமையாளர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நின்றார் என்று அது கேட்கவில்லை. கொரியாவில் அந்தக் கேள்விதான் மையத்துக்கு வந்தது.

கொரியச் சிறுகடைக்காரர் பெரும்பாலும் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். 1997 ஆசிய நிதி நெருக்கடியில் வேலையிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கடை திறந்தார்கள். அதற்குப் பிறகும் பெரிய நிறுவனங்களில் ஐம்பதை ஒட்டிய வயதிலேயே ஊழியர்களை வெளியே அனுப்பும் வழக்கம் நிலைத்தது. ஓய்வூதியம் போதாது, முதியோர் வறுமை பணக்கார நாடுகளிலேயே அங்குதான் மிக மோசம். கையில் கிடைத்த பணிக்கொடையையும் வங்கிக் கடனையும் சேர்த்து, வறுத்த கோழிக் கடையோ 24 மணி நேரக் கடையோ திறப்பதுதான் நடைமுறையில் இருக்கும் வழி. 2019இல் நாடு முழுவதும் கோழிக் கடைகள் மட்டுமே 80 ஆயிரத்துக்கு மேல் இருந்தன. 24 மணி நேரக் கடைகள் 40 ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. இவர்களை முதலாளி என்று சட்டம் அழைக்கிறது. வருமானத்தையும் வேலை நேரத்தையும் பார்த்தால், பலரும் வேலையை இழந்த பிறகு தமக்குத் தாமே வேலை கொடுத்துக்கொண்ட தொழிலாளிகள்.

ஒரு 24 மணி நேரக் கடையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எந்நேரமும் ஒருவர் கல்லாவில் இருக்க வேண்டும் என்றால், 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம். 2017 கூலியில் அது 46.6 லட்சம் வோன். 2018இல் 54.2 லட்சம். 2019இல் 60.1 லட்சம். இரண்டே ஆண்டுகளில் மாதத்துக்கு 13.5 லட்சம் வோன் கூடுதல் செலவு. இதற்கு மேல் வார விடுமுறைக் கூலி என்ற ஒன்று உண்டு. வாரத்துக்கு 15 மணி நேரமோ அதற்கு மேலோ ஒழுங்காக வேலைக்கு வரும் ஊழியருக்கு ஒரு நாள் கூலியைக் கூடுதலாகத் தர வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கு ஆறு நாள் கூலி. அதையும் சேர்த்தால் 2019இன் 8,350 வோன், உண்மையில் 10,020 வோன். அதிபர் 2020க்கு வாக்குறுதி அளித்த தொகையை முழுநேர ஊழியரை வைத்திருந்த கடைக்காரர் 2019 ஜனவரியிலேயே கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

இந்தக் கூடுதல் செலவை அவர் யாரிடம் வாங்க முடியும்? ஹங்கேரியில் 2001இல் குறைந்தபட்சக் கூலி 25,500 ஃபோரின்டிலிருந்து 40,000 ஆகவும், அடுத்த ஆண்டு 50,000 ஆகவும் உயர்ந்தது. அதை ஆராய்ந்த பீட்டர் ஹராஸ்டோசியும் அட்டிலா லிண்ட்னரும், பாரத்தில் சுமார் 75 சதவீதம் விலை வழியாக வாடிக்கையாளர் மேலும், 25 சதவீதம் நிறுவன உரிமையாளர் மேலும் இறங்கியதாகக் கணக்கிட்டார்கள். எல்லாக் கடைக்காரருக்கும் ஒரே நேரத்தில் கூலி ஏறும்போது எல்லோரும் சேர்ந்து விலையை ஏற்றலாம் என்பது அதன் தர்க்கம். கொரியாவின் 24 மணி நேரக் கடைக்காரருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. விலைகளை, அவர் ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும் சங்கிலியின் தலைமை நிறுவனம் நாடு முழுவதற்கும் ஒன்றாக வைக்கிறது. நூடுல்ஸ் டப்பாவின் விலையில் பத்து வோன் கூட்ட அவரால் முடியாது.

அதைவிட முக்கியமானது லாபத்தைப் பங்கிடும் முறை. விற்பனையிலிருந்து சரக்கின் அடக்க விலையைக் கழித்தால் வருவது மொத்த லாபம். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தலைமை நிறுவனம் ராயல்டியாக எடுத்துக்கொள்கிறது. சதவீதம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஆனால் வரிசை மாறாது: முதலில் ராயல்டி போகும், மிச்சத்திலிருந்துதான் கூலி, வாடகை, மின்கட்டணம் எல்லாம். ஆகவே கூலி எவ்வளவு உயர்ந்தாலும் தலைமை நிறுவனத்தின் பங்கில் ஒரு வோன்கூடக் குறையாது. உயர்வு முழுவதும் வரிசையின் கடைசியில் நிற்கும் கடைக்காரரின் மிச்சத்தில்தான் வெட்டாக விழும். கூலிச் சட்டம் யார் கொடுக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. கொடுத்த பாரம் கடைசியில் யாரிடம் தங்கும் என்பதை முடிவு செய்வது ஒப்பந்தங்கள். கொரிய அனுபவத்தை இந்த ஒரு கோணத்தில் பார்த்தால்தான் அது புரியும் என்று நினைக்கிறேன்.

கட்டுப்படியாகவில்லை என்று கடையை மூடவும் எளிதில் முடியாது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகினால் அபராதம் கட்ட வேண்டும். நட்டத்தில் கடையை ஓட்டுவது, அபராதம் கட்டி மூடுவதைவிட மலிவாக இருந்த காலம் பலருக்கு இருந்தது.

அப்படியானால் கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? தம் கட்டுப்பாட்டில் இருந்த ஒன்றே ஒன்றை, தம் உடலை, முன்வைத்தார்கள். நாளுக்கு 10 மணி நேரம் தாமே கல்லாவில் நின்றால் 2019 கூலியில் மாதம் 25 லட்சம் வோன் மிச்சமாகும். மனைவி இரவுப் பொழுது, மகன் வார இறுதி. புள்ளிவிவரத்தில் இது தெளிவாகவே தெரிந்தது. 2019இல் ஊழியர் வைத்திருந்த சுயதொழில்காரர்களின் எண்ணிக்கை 1.14 லட்சம் குறைந்தது. 1998க்குப் பிறகு அதுவரை இவ்வளவு பெரிய சரிவு வந்ததில்லை. ஊழியரே இல்லாமல் தனியாகத் தொழில் நடத்துபவர்கள் அதே ஆண்டில் 81 ஆயிரம் பேர் கூடினார்கள். கடைகள் மறைந்துவிடவில்லை. கடைக்குள் இருந்த சம்பள வேலை மறைந்து, சம்பளமில்லாத வேலையாக மாறியது. வேலைவாய்ப்பை மட்டும் எண்ணும் ஆய்வாளருக்கு இந்த மாற்றம் பாதிதான் தெரியும். வேலைநாளின் நீளத்தை அளந்தால்தான் மீதியும் தெரியும்.

இரண்டாவது வழி, ஒருவரின் வேலையை இருவருக்கு உடைத்துக் கொடுப்பது. வாரத்துக்கு 15 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்ப்பவருக்கு வார விடுமுறைக் கூலி கிடையாது; சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு கிடையாது; பணிக்கொடையும் கிடையாது. ஆகவே 30 மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை நிறுத்திவிட்டு, ஆளுக்கு 14 மணி நேரமாக இரண்டு மாணவர்களை வைத்தார்கள். அந்த மாணவர்கள் மாதச் செலவைச் சமாளிக்க இன்னொரு கடையிலும் 14 மணி நேரம் பார்த்தார்கள். இரண்டு கடைக்கும் நடுவே பஸ்ஸில் போகும் நேரத்துக்கு யாரும் கூலி தரவில்லை. வாரத்துக்கு 17 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ வேலை பார்ப்பவர்கள் 2019இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் கூடினார்கள். அரசு முதியவர்களுக்குக் கொடுத்த குறுநேர வேலைகளும் இதில் அடக்கம் என்பதால், முழுவதையும் கூலி உயர்வின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் 15 மணி நேரம் என்ற கோட்டைச் சட்டம் வரைந்திருக்கும்வரை, கூலி ஏற ஏற அந்தக் கோட்டுக்குக் கீழே வேலையை இறக்கும் ஆசையும் ஏறும். இந்த ஓட்டையை அடைக்காமல் கூலியை உயர்த்தியது அரசின் பெரும் தவறு.

வேலைகளின் எண்ணிக்கை பற்றிய அரசியல் சண்டைக்கு அதிக இடம் கொடுக்க வேண்டியதில்லை. 2018 ஜூலையில் முந்தைய ஆண்டைவிட 5,000 பேருக்கு மட்டுமே கூடுதலாக வேலை இருந்தது, ஆகஸ்டில் 3,000. எதிர்க்கட்சிகளும் பத்திரிகைகளும் கூலி உயர்வையே குற்றவாளியாக்கின. ஆனால் அதே ஆண்டில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் குன்சான் ஆலையை மூடியது. கப்பல் கட்டும் துறை சுருங்கிக்கொண்டிருந்தது. உழைக்கும் வயதினர் தொகையும் குறையத் தொடங்கியிருந்தது. ஏவுகணைத் தடுப்பு அமைப்பு பற்றிச் சீனாவுடன் எழுந்த தகராறில் சீனச் சுற்றுலாப் பயணிகளும் குறைந்திருந்தார்கள். கொரிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 2018 ஜூனில் வெளியிட்ட மதிப்பீட்டில், அந்த ஆண்டின் உயர்வால் 36 ஆயிரம் முதல் 84 ஆயிரம் வேலைகள் வரை குறையக்கூடும் என்றும், அரசு மானியத்தால் உண்மைப் பாதிப்பு அதற்கும் கீழே இருக்கலாம் என்றும் சொன்னது. இதே வேகத்தில் தொடர்ந்தால் பாதிப்பு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. பேரழிவு என்றவர்களுக்கும் பாதிப்பே இல்லை என்றவர்களுக்கும் அந்த அறிக்கை உதவாது.

உயர்வால் பயனடைந்தவர்களை மறந்துவிட்டுச் சிறுகடைக்காக மட்டும் கண்ணீர் விடுவது நேர்மையாகாது. நடுமட்டக் கூலியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே சம்பளம் வாங்குபவர்களின் விகிதம் 2017இல் 22.3 சதவீதமாக இருந்தது, 2018இல் 19 சதவீதமாகவும் 2019இல் 17 சதவீதமாகவும் இறங்கியது. இவ்வளவு குறுகிய காலத்தில் கூலி ஏற்றத்தாழ்வு இப்படிக் குறைவது அரிது. துப்புரவு ஊழியர், மருத்துவமனை உதவியாளர், சூப்பர் மார்க்கெட் காசாளர் எனப் பெண்கள் நிறைந்த வேலைகளில் இந்தப் பணம் உண்மையாகவே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய பழைய கூலி நியாயமற்றது. கடைக்காரரின் கஷ்டம் அதை நியாயமாக்கிவிடாது.

அரசு கடைக்காரர்களை முற்றிலும் கைவிட்டதாகவும் சொல்ல முடியாது. 30 பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட தொழில்களுக்கு, தகுதியுள்ள ஒவ்வொரு ஊழியருக்கும் மாதம் 1,30,000 வோன் மானியம் தரப்பட்டது. 2018இல் அதற்கு ஒதுக்கியது சுமார் 3 லட்சம் கோடி வோன். கடை வாடகையை ஆண்டுக்கு 9 சதவீதம் வரை உயர்த்தலாம் என்ற வரம்பு 5 சதவீதமாகக் குறைந்தது. குத்தகையைப் புதுப்பித்துக் கேட்கும் உரிமை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீண்டது. ஆண்டுக்கு 50 கோடி முதல் 100 கோடி வோன் வரை விற்கும் கடைகளுக்கு கார்டு கமிஷன் சுமார் 2.05 சதவீதத்திலிருந்து 1.4 ஆகக் குறைக்கப்பட்டது. இவை எல்லாம் சரியான திசையில் வைத்த அடிகள். ஆனால் குத்தகைச் சட்டம் மாறியது 2018 அக்டோபரில். கார்டு கமிஷன் குறைப்பு அறிவிக்கப்பட்டது நவம்பரில். போட்டிச் சங்கிலிகளின் கடைகளை ஒட்டி ஒட்டித் திறக்கக்கூடாது, விலகுபவருக்கு அபராதத்தைத் தளர்த்த வேண்டும் என்ற ஏற்பாடு டிசம்பரில். கூலி உயர்ந்ததோ ஜனவரியில். பாரத்தைப் பகிரும் ஏற்பாடு வருமுன்பே ஏறத்தாழ ஓராண்டு பாரத்தைப் பெரும்பாலும் தனியாகச் சுமக்க வைத்துவிட்டார்கள்.

அந்த ஓராண்டில் அரசியல் கைமீறிப் போனது. 2018 ஜூலையில் சிறுவணிகர் கூட்டமைப்பு, புதிய கூலியைக் கொடுக்கப் போவதில்லை என்றே அறிவித்தது. ஆகஸ்ட் 29 அன்று சியோலின் குவாங்வாமுன் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான கடைக்காரர்கள் திரண்டார்கள். அதே ஜூலையில் 24 மணி நேரக் கடைக்காரர் சங்கம் செய்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். எல்லோரும் சேர்ந்து கடையடைப்பது என்ற திட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு, ராயல்டியைக் குறைக்க வேண்டும், கார்டு கமிஷனைக் குறைக்க வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் கடை திறப்பதைத் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கைகளை அது முன்வைத்தது. மாணவ ஊழியரோடு மோத விரும்பவில்லை என்றும் சொன்னது. பாரம் எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

2019இல் தொழிலாளர் அமைச்சகமே நடத்திய கள ஆய்வும் அதையே உறுதி செய்தது. சில்லறை விற்பனை, உணவகத் துறைகளில் ஆளையோ வேலை நேரத்தையோ குறைத்திருக்கிறார்கள், உரிமையாளரும் குடும்பமும் கூடுதலாக உழைக்கிறார்கள், தலைமை நிறுவனங்களும் ஒப்பந்த வேலை கொடுக்கும் பெரிய நிறுவனங்களும் கூடிய கூலியில் பங்கெடுக்கவில்லை என்று அது கண்டது.

பெரிய நிறுவனங்களுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளின் கதையும் இதுவே. அங்கே ராயல்டிக்குப் பதிலாகப் பெரிய நிறுவனம் நிர்ணயிக்கும் கொள்முதல் விலை. கொரியா செல்லும் இலங்கை இளைஞர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டறைகளில்தான் வேலை பார்க்கிறார்கள். 2004 முதல் நடைமுறையில் இருக்கும் வேலை அனுமதித் திட்டத்தின் கீழ், கொரிய மொழித் தேர்வு எழுதித் தேறி வருபவர்கள் அவர்கள். கொரியாவின் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தால் ஆயிரக்கணக்கான இலங்கை வீடுகளுக்கு வரும் பணம் உயரும். 2018இல் சிறு, நடுத்தரத் தொழில் கூட்டமைப்பு ஒரு கோரிக்கை வைத்தது: வெளிநாட்டுத் தொழிலாளருக்கு முதல் ஆண்டு குறைந்தபட்சக் கூலியில் 80 சதவீதம், இரண்டாம் ஆண்டு 90 சதவீதம் கொடுத்தால் போதும் என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். அது ஏற்கப்படவில்லை. ஆனால் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்தில் 20 சதவீதம் வரை பிடிக்கலாம் என்ற அரசு வழிகாட்டுதல் 2017இலேயே வந்திருந்தது. மேலே இருப்பவரிடம் விலை கேட்க முடியாத பட்டறைக்காரர், கீழே இருப்பவரின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடித்தத்தை நியாயப்படுத்த முடியாது. எங்கிருந்து அது தொடங்கியது என்பதையும் மறைக்கக் கூடாது.

ஜெர்மனி 2015இல் முதன்முறையாக நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 8.50 யூரோ வைத்தது. கிறிஸ்டியன் டஸ்ட்மனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு, வேலைவாய்ப்பு குறையாமலே கூலி உயர்ந்ததையும், குறைந்த சம்பளக்காரர்கள் சின்ன, பலவீனமான நிறுவனங்களிலிருந்து பெரிய, திறன்மிக்க நிறுவனங்களுக்கு மாறியதையும் காட்டியது. மிகச் சிறிய நிறுவனங்களின் எண்ணிக்கை பாதிக்கப்பட்ட பகுதிகளில் குறைந்தது. இதை நல்ல செய்தியாகவே பல பொருளியலாளர்கள் படிக்கிறார்கள்: நியாயக் கூலி கொடுக்க முடியாத கடை போகட்டும், ஊழியர் நல்ல இடத்துக்குப் போகட்டும். 28 வயது ஊழியருக்கு அது சரி. 55 வயதில் பெரிய நிறுவனத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டுக் கடை வைத்தவரை எந்தப் பெரிய நிறுவனம் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்? ஜெர்மனியின் கடைக்காரருக்குப் பின்னால் இருக்கும் ஓய்வூதியமும் வேலையின்மைக் காப்பீடும் கொரியருக்கு அந்த அளவில் இல்லை. ஒரு நாட்டின் முடிவை இன்னொரு நாட்டுக்குத் தூக்கிச் செல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

சியாட்டில் நகரம் 2014இல் மணிக்கு 15 டாலர் என்ற சட்டத்தை இயற்றியபோது, 500 பேருக்கு மேல் ஊழியர் கொண்ட நிறுவனங்கள் முதலில் உயர்த்த வேண்டும், சிறியவை மெதுவாக உயர்த்தலாம் என்று காலம் பிரித்தது. அதில் ஒரு துணிச்சலான பிரிவும் இருந்தது. ஒரு கடையில் பத்துப் பேர்தான் வேலை பார்த்தாலும், அது பெரிய சங்கிலியின் ஃபிரான்சைஸ் என்றால் பெரிய நிறுவனமாகவே எண்ணப்படும். ஃபிரான்சைஸ் நிறுவனங்களின் சங்கம் நீதிமன்றம் போய்த் தோற்றது. கடை எவ்வளவு சிறியது என்பதோடு, எந்தச் சங்கிலியில் தொங்குகிறது என்பதையும் சட்டம் கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் சியாட்டில் பாதி தூரம்தான் போனது. பாரத்தைச் சங்கிலியின் பெயரில் எழுதியது; கொடுக்கச் சொன்னதோ கடைக்காரரை.

2018 ஜூலை 16 அன்று, 2020க்குள் 10,000 வோன் என்ற வாக்குறுதியை நிறைவேற்ற முடியாது என்று அதிபர் மூன் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் உயர்வுகள் சுருங்கின: 2020க்கு 2.9 சதவீதம், 2021க்கு 1.5 சதவீதம். 10,000 வோனை நாடு 2025இல்தான் தாண்டியது. வேகமாக உயர்த்தித் தோற்றுவிட்டதாக ஒரு கருத்து பரவியதால், உயர்த்துவதே தவறு என்பவர்களின் கை ஓங்கியது. 1988இல் ஒரே ஓராண்டு நடைமுறையில் இருந்த, தொழிலுக்குத் தொழில் வேறு கூலி என்ற முறையை மீண்டும் கொண்டுவரும் கோரிக்கை ஆண்டுதோறும் எழுகிறது. உணவகத்துக்கும் 24 மணி நேரக் கடைக்கும் குறைந்த கூலி வைக்கலாம் என்கிறார்கள். அப்படி வைத்தால் ராயல்டி எடுப்பவர் பங்கு அப்படியே இருக்கும். ஊழியரின் பங்கு மட்டும் குறையும்.

செய்ய வேண்டியது சட்டத்தின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. கூலி உயர்ந்தால் விலையைத் திருத்தக் கேட்கும் உரிமை துணை ஒப்பந்தக்காரர்களுக்கு 2018இல் கிடைத்தது. ஃபிரான்சைஸ் மாதிரி ஒப்பந்தத்திலும் அதே போன்ற வாசகம் சேர்ந்தது. கேட்கும் உரிமைதான், கொடுக்கும் கடமை இல்லை. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, முக்கிய மூலப்பொருளின் விலை ஏறினால் கொள்முதல் விலையும் ஏற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தது. எஃகு விலை ஏறினால் பெரிய நிறுவனம் பங்கேற்க வேண்டும். மனிதரின் கூலி ஏறியதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அந்தச் சட்டத்தில் குறைந்தபட்சக் கூலியைச் சேர்ப்பதும், ராயல்டியைக் கூலி கழிந்த பிறகு கணக்கிட வைப்பதும், 15 மணி நேரக் கோட்டை அழிப்பதும் அடுத்த உயர்வுக்கு முன் நடக்க வேண்டிய மூன்று காரியங்கள். ஒவ்வொரு கோடையிலும் தொழிலாளர் தரப்பில் ஒன்பது, முதலாளி தரப்பில் ஒன்பது, பொதுநலப் பிரதிநிதிகள் ஒன்பது என்று 27 பேர் கூடி மணிக்கு எத்தனை வோன் என்று விடிய விடிய வாதாடுகிறார்கள். இந்த மூன்றில் எதையும் தீர்மானிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு இல்லை. அது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது.